மஞ்சள் ஏறிய பல்

"சிரிம்மா, செல்வா. கண்ணாடியப் பாத்து ஒரு தரம் சிரி."

அம்மா கெஞ்சியும் செல்வாம்பாள் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. கிணற்றடியில் வழுக்கி விழுந்து முன்பல் போன நாளிலிருந்து அந்தக் கை அங்கேயேதான் இருந்தது. சாப்பிடும்போது மட்டும் கீழே இறங்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை கடலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள். பல் போன சேதி வெளியே கசிந்தால் சம்பந்தம் கைநழுவிப் போகுமே என்று, பல் டாக்டர் ஜெராரையே ரகசியமாக வீட்டுக்கு வரவழைத்திருந்தார் ஜவுளிக்கடை இராமதாஸ். நல்ல வெளிச்சம் வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் கொல்லைப்புறத்து வராந்தாவில் நாற்காலி போட்டிருந்தார்கள்.

டாக்டருக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, சாமான் பெட்டியோடு நின்றவள் தனம். அந்தக் கைக்குப் பின்னால் இருந்தது அவள் செய்த பல்.

ஜெரார் புதுச்சேரித் தமிழர்தான். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் பல் வைத்தியம் பார்த்துவிட்டு, ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய சமயத்தில் திரும்பி வந்தவர். பல் பிடுங்க ஆள் இருக்கிறது, பல் செய்ய ஆள் இல்லையே என்று சொல்லி, நாலு பேரைச் சேர்த்துத் தம் கிளினிக்கின் பின்னறையில் ஒரு வகுப்பு தொடங்கினார். முதலில் அவர் பழக்கியது 'ப்ரொவிசுவார்'. பல் போன இடத்தில் ஈறு ஆறி, நிரந்தரப் பல் கட்டும் வரைக்கும் போட்டுக்கொள்கிற தற்காலிகப் பல். அண்ணத்தில் ஒட்டிக்கொள்ள ரோஜா நிறத்தில் ஒரு சின்னத் தகடு. அதன் நுனியில் ஒற்றைப் பல். வேண்டும்போது கழற்றிக் கழுவிக்கொள்ளலாம்.

முன்பெல்லாம் பிரான்சிலிருந்து கப்பலில் பெட்டி பெட்டியாகப் பல் வரும். கொடி இறங்கியதோடு அதுவும் நின்று போயிற்று. ஆகவே நல்ல பல்வரிசை உள்ளவர்களின் வாயை அச்செடுத்து, அந்த உருவத்திலேயே பல் வார்க்கச் சொல்லிக் கொடுத்தார் ஜெரார். அதற்காக வகுப்பில் ஒருவர் வாயை ஒருவர் அச்செடுக்க வேண்டும் என்றார். தனத்தின் முறை வந்த அன்று, பாருங்கள், மற்ற மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் வாய்ப்புண் வந்துவிட்டது. தனம் உப்பளத்துச் சேரிப் பெண். கன்னியாஸ்திரீகள் பள்ளியில் படித்து முடித்து, டாக்டரிடம் கருவி கழுவ வந்து, அங்கிருந்து வகுப்புக்குள் ஏறியவள். கடைசியில் டாக்டரே அவள் வாயை அச்செடுத்தார். அந்த அச்சில் வார்த்த பிளாஸ்டர் தாடையை யாரோ அலமாரியின் ஓரத்துக்கு ஒதுக்கி, மற்ற மூன்று தாடைகளுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இடம் விட்டு வைத்தார்கள். பிளாஸ்டர் பிளாஸ்டரைத் தொடக்கூடாதாம்.

ஆனால் டாக்டர் முன்பே போய் அச்செடுத்து வந்த செல்வாம்பாளின் மிச்சமிருந்த முன்பல்லுக்கு ஜோடியாக வைத்துப் பார்த்தபோது, பொருந்தியது ஓரத்துத் தாடைதான். அதே அகலம், அதே ஒரு பக்கம் மழுங்கிய முனை. தெரு வேறு, சோறு வேறு, தண்ணீர் எடுக்கிற கிணறு வேறு. பல் மட்டும் ஒரே வார்ப்பாக வார்த்தது போல இருந்தது. அந்த அச்சில் தனமே மெழுகு ஊற்றி, பல்லின் உருவம் எடுத்து, பொடியும் திரவமும் குழைத்து வேகவைத்து, தேய்த்து மெருகேற்றினாள்.

செல்வாம்பாள் மெதுவாகக் கையை எடுத்தாள். கண்ணாடியில் பார்த்தாள். சிரித்தாள். அம்மாக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மகராசியா இருப்பே. உன் கையில சாமி இருக்குது," என்று தனத்தைப் பார்த்துச் சொன்னாள். தனத்துக்கும் வெள்ளி டம்ளரில் காபி வந்தது. டாக்டர் பேச்சுக்கு 'வுய் முசே' என்று பிரெஞ்சில் அவள் பதில் சொல்வதைக் கேட்டு, டாக்டர் வீட்டுக் கிறிஸ்தவப் பெண் என்று நினைத்துவிட்டார்கள். அவர்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. காபியைக் குடித்தாள்.

அப்போதுதான் கொல்லைக் கதவுக்கு வெளியே, பின்சந்தில், வாளியை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. அந்தத் தெருவின் கக்கூஸ்களில் மலம் அள்ளுகிற அங்கம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்திருந்தாள். கதவு திறந்திருந்ததால் எதேச்சையாக உள்ளே பார்த்தவள், அப்படியே வாய் பிளந்து நின்றாள்.

"அடி தனம்! நீயாடீ! கோட்டெல்லாம் போட்டுகினு தொரசாணியாட்டம் நிக்கிறியே!"

அந்த வீட்டில் அங்கம்மாளின் குரலை இருபது வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. சந்தோஷத்தில் அவளுக்கு எங்கே நிற்கிறோம் என்பதே மறந்து போயிற்று.

"எங்க அண்ணன் பொண்ணு தாயே! நான் எடுத்து வளத்த பொண்ணு! ஏம்மா, உன் வாய அச்செடுத்துச் செஞ்சேன்னியே, அந்தப் பல்லு இந்த அம்மாவுக்குத்தானா? அட, ஆமா! அப்பிடியே உன் பல்லாட்டம்தான் இருக்குது!"

'இவள் யாரோ, எனக்குத் தெரியாது' என்று தனம் சொல்லியிருக்கலாம். டாக்டர் கண்ணும் அப்படித்தான் ஜாடை காட்டியது. அத்தையின் முகத்தைப் பார்த்தாள். தன்னைப் பார்த்து அந்த முகம் அத்தனை பெருமையாக மலர்ந்து அவள் கண்டதே இல்லை.

"ஆமா அத்த," என்றாள்.

இராமதாஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "முசே, இந்தப் பொண்ணு ஆருன்னு நீங்க சொல்லவே இல்லியே."

"என்னோட மாணவி," என்றார் ஜெரார். "நீங்களும் கேக்கலியே."

கதர்த் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார் இராமதாஸ். பிரெஞ்சுக்காரன் இருந்த வரைக்கும் அவனோடு இருந்து, போனதும் கதருக்கு மாறியவர். போன வருஷம் காந்தி பிறந்த நாளன்று உப்பளத்துச் சேரிக்கே வந்து, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்து, எல்லோரும் ஒரு தாய் மக்கள் என்று பேசியவர். அந்தக் கூட்டத்தில் தனமும் கைதட்டினாள். அவர் இப்போது ஒன்றும் கடிந்து சொல்லவில்லை. செல்வாம்பாளின் கை மட்டும் தானாக மறுபடி வாய்க்குப் போயிற்று. அம்மாக்காரி காபி டம்ளரைக் கரண்டிக் காம்பால் தள்ளிக்கொண்டே போய்க் கொல்லைச் சாம்பலில் உருட்டிவிட்டாள்.

அன்று சாயங்காலம் அங்கம்மாள் அழுத அழுகை தெருக்கோடி வரை கேட்டது.

"என் வாயில வசம்ப வச்சித் தேய்க்கணும். கம்முனு வந்தமா, எடுத்தமா, போனமான்னு இருக்காம, நான் ஏன்டி பேசுனேன்?"

"நீ இன்னா பொய்யா சொல்லிட்டே? வுடு அத்த," என்றாள் தனம். சொன்னாளே தவிர, அவள் நினைப்பெல்லாம் வரப்போகிற பரீட்சையின்மேல்தான் இருந்தது.

வகுப்பில் தேறுகிற ஒருவருக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் பல் செய்கிற வேலை என்று பேச்சு. செய்த பல் ஒரு நோயாளியின் வாயில் நின்று காட்ட வேண்டும். சென்னையிலிருந்து வருகிற பரீட்சைக்காரர் அதைப் பார்த்துக் கேள்வி கேட்பார். அந்த வேலை கிடைத்தால் மறுநாளே அத்தையை வாளி தூக்கவிடாமல் செய்துவிடலாம் என்பது ஒன்றுதான் தனத்தின் நினைப்பு. அங்கம்மாள் எத்தனை தேய்த்துக் குளித்தாலும் சோற்றைக் கையால் தொடமாட்டாள். மரக்கரண்டியால்தான் அள்ளிப் போட்டுக்கொள்வாள். தாய் தகப்பன் இல்லாத தனத்துக்குக் குழந்தையில் சோறு ஊட்டியதும் அந்தக் கரண்டியால்தான். அவள் கையால் ஒரு வாய் வாங்கித் தின்றதில்லை என்ற குறை தனத்துக்கு இன்னும் இருந்தது.

மறுநாள் மதியம் இராமதாஸ் கிளினிக்குக்கு வந்தார். கைக்குட்டையைப் பிரித்து மேஜைமேல் உதறினார்.

"பாருங்க முசே, உங்க மாணவி செஞ்ச லட்சணத்த! ஒரு ராத்திரி தாங்கல. பழுத்துப் போச்சு. வாயிலயும் ஏற மாட்டேங்குது."

பல் எலுமிச்சை நிறத்துக்கு மஞ்சளாகியிருந்தது. தகடு வெயிலில் போட்ட அப்பளம் போல முறுக்கிக்கொண்டிருந்தது. டாக்டர் எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். தனமும் பக்கத்தில்தான் நின்றாள். மஞ்சள் வாடை, கூடவே துளசி வாடை.

பித்தளைப் பெட்டிக்குள் திருகி இறுக்கி வேகவைக்கிற வரைக்கும்தான் தகடு கொதிநீரைத் தாங்கும். பெட்டியை விட்டு வெளியே வந்தபின் வெறுமனே கொதிக்கிற தண்ணீரில் போட்டால் கோணிக்கொள்ளும் என்பது வகுப்பில் நடந்த முதல் பாடம்.

"வீட்ல இத வெந்நீர்ல கிந்நீர்ல போட்டீங்களா?" என்று மெல்லக் கேட்டார் ஜெரார்.

"நாங்க ஏன் போடறோம்?"

"மஞ்ச வாசனை வருதே..."

"அப்ப நான் பொய் சொல்றேன்கிறீங்களா?"

ஆஸ்பத்திரிக் கமிட்டியில் இராமதாஸும் ஒருவர். இந்த வகுப்புக்குச் சர்க்கார் அனுமதி வாங்கிக் கொடுத்தவரும் அவரே. ஜெரார் நல்ல மனுஷர். தனத்தை வகுப்பில் சேர்க்க ஊரையே எதிர்த்தவர். ஆனால் ஒரு நல்ல மனுஷர் எதிர்க்கிற காரியங்களுக்கும் ஓர் அளவு இருக்கிறதல்லவா? அவர் பல்லைக் கீழே வைத்தார்.

"தப்பு எங்க பக்கம்தான். வேற செஞ்சு குடுத்துடறோம்."

"வேற கையால செய்யணும். வேற அச்சுல செய்யணும். நானா சாதி பாக்கறவன்? வீட்ல பொம்பளைங்க மனசு கேக்க மாட்டேங்குது," என்று சொல்லிவிட்டுப் போனார் இராமதாஸ்.

வேலை கலியபெருமாளுக்குப் போயிற்று. அவனும் வகுப்பில் ஒருவன். இராமதாஸுக்கு வேண்டிய குடும்பத்துப் பிள்ளை. முதலில் தன் வாய் அச்சிலேயே வார்த்துப் பார்த்தான். அது பூசணி விதை மாதிரி அகலமாக வந்தது. இன்னொருவன் அச்சு எலிப்பல்லாக நீண்டது. மெழுகைச் செதுக்கிச் செதுக்கி அவன் விரல்தான் வெந்தது. விடிந்தால் ஞாயிறு. டாக்டர் எழுந்து போய், அலமாரி ஓரத்துத் தாடையை எடுத்து வந்து அவன்முன் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கலியபெருமாள் தனத்தைப் பார்த்தான். அவள் தொட்டியில் கருவி கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு தாடையைப் பார்த்தான். இத்தனை மாதம் ஒரு சாண் தள்ளி வைத்திருந்ததை, சட்டென்று இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டான்.

சாயங்காலம் மூடுவண்டியில் செல்வாம்பாளை அழைத்து வந்தார்கள். பல் கச்சிதமாக உட்கார்ந்தது. "இப்பத்தான் லட்சணமா இருக்குது. கை ராசின்னா கை ராசிதான்," என்று கலியபெருமாளைப் புகழ்ந்தாள் அம்மாக்காரி. செல்வாம்பாள் நாக்கு நுனியால் பல்லைத் தடவிப் பார்த்தாள். மழுங்கிய அந்த முனையில் நாக்கு போய் நின்றிருக்க வேண்டும். திடுக்கிட்டுத் தொட்டிப்பக்கம் திரும்பி, தனத்தையே பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்வாளா என்று தனம் காத்திருந்தாள். செல்வாம்பாளின் கண்ணில் தண்ணீர் நின்றது. தலையைக் குனிந்துகொண்டு வண்டியில் போய் ஏறிவிட்டாள். பாவம், அந்த வீட்டில் அவளுக்குத்தான் என்ன பேச்சு இருந்தது? ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் அவள் சிரிப்பைப் பார்த்துத் தட்டு மாற்றிக்கொண்டு போனார்கள்.

பரீட்சைக்கு முதல் நாள் ஜெரார் தனத்தைத் தனியே கூப்பிட்டார்.

"நாளைக்கு அந்த மஞ்சப் பல்லக் காட்டிக் கேப்பாங்க. திரவம் கொஞ்சம் கூடிப்போச்சு, என் தப்புன்னு சொல்லிடு. பரீட்சைக்காரர்கிட்ட நான் பேசியாச்சு. இராமதாஸும் குறுக்க நிக்க மாட்டாரு. அடுத்த தரம் இந்தப் பொண்ணு சரியாச் செய்யும்னு பாஸ் போட்டுடுவாங்க. வேலையும் உனக்குத்தான்."

"உங்களுக்கு நெசம் தெரியுமே முசே."

"தெரியும்மா. நெசத்த வச்சிகினு என்ன பண்றது? ஒரு வார்த்தைதானே. உங்க அத்தைய நெனச்சுக்க."

தனம் அத்தையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அன்று இரவு, சொல்லிவிடுவது என்றே முடிவு செய்தாள். திரவம் கூடிப் போயிற்று. என்ன பெரிய பொய்? வீட்டுக்கு வீடு இதைவிடப் பெரிய பொய்களைச் சொல்லிக்கொண்டு எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

பரீட்சைக்காரர் சாந்தமான மனிதர். கிளினிக்கின் முன்னறையில் மேஜைக்குப் பின்னால் அவரும், பக்கத்தில் கமிட்டி சார்பில் இராமதாஸும் உட்கார்ந்திருந்தார்கள். ஜெரார் ஜன்னலோரம் நின்றார். மேஜைமேல் ஒரு பீங்கான் தட்டில் அந்தப் பல் கிடந்தது.

"பயப்படாதேம்மா. இது நீ செஞ்சதுதானே?"

"ஆமாங்க."

"இந்த மாதிரிப் பல்லு மஞ்சளாப் போறதுக்கு என்னென்ன காரணம், சொல்லு பாப்போம்."

"திரவம் கூடிப் போனா ஆவும். வேக்காடு பத்தலன்னா ஆவும். பொடியக் குழைக்கிற கிண்ணம் அழுக்கா இருந்தா ஆவும்."

"ரொம்ப சரி. இது எதனால ஆச்சு?"

ஜெரார் அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். தனம் வாயைத் திறந்தாள். திரவம் என்ற சொல் நாக்குவரை வந்தும்விட்டது. அதற்குள் இராமதாஸ், அவளுக்கு ஒத்தாசை செய்கிற தோரணையில், குழைவாகச் சொன்னார்: "சொல்லும்மா, தப்பில்ல. உங்க ஜனங்களுக்குச் சுத்தபத்தம் பழகறதுக்குக் கொஞ்ச நாளாவும். அவுங்க மன்னிச்சுடுவாங்க."

தனத்தின் கண்ணுக்கு முன்னால் மரக்கரண்டியைப் பிடித்த ஒரு கை வந்து நின்றது. நாக்கு நுனியில் இருந்த சொல்லை விழுங்கிவிட்டாள்.

"நாலாவதா ஒரு காரணம் இருக்குதுங்க," என்றாள். "அது பாடத்துல இல்ல. செஞ்சவ சேரிப் பொண்ணுன்னு தெரிஞ்சு, தீட்டுக் கழிக்கணும்னு மஞ்சத் தண்ணியில போட்டுக் கொதிக்க வச்சாலும் பல்லு மஞ்சளாவும். தகடு கோணிக்கும். இது அதனாலதான் ஆச்சுங்க. திரவம் சரியாத்தான் ஊத்துனேன். கிண்ணமும் சுத்தமாத்தான் இருந்துச்சு."

பரீட்சைக்காரர் இராமதாஸைப் பார்த்தார். இராமதாஸ் சுவரைப் பார்த்தார். ஜெரார் ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடுவது போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாடத்துல உள்ளத மட்டும் சொன்னாப் போதும்மா," என்றார் பரீட்சைக்காரர், கொஞ்சமும் கோபமில்லாமல். "நீ போகலாம்."

அடுத்து வந்த கலியபெருமாளிடமும் அதே பல்லைக் காட்டி அதே கேள்வியைக் கேட்டார். கதவுக்கு வெளியே நின்ற தனத்தின் காதில் அவன் பதில் விழுந்தது. "திரவம் கூடிப் போச்சுங்க." பேஷ் என்றார் அவர்.

தனம் உப்பளத்துக்கு நடந்தாள். சொன்னதற்காக அவள் வருத்தப்படவில்லை. அத்தையிடம் எப்படிச் சொல்வது என்றுதான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனாள். அங்கம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"இன்னா கேட்டாங்க?"

"பல்லு ஏன் மஞ்சளாச்சுன்னு கேட்டாங்க."

"உனக்குத்தான் தெரியுமே. சொல்லிட்டியா?"

"சொன்னேன் அத்த."

"சரியாச் சொன்னியா?"

"சரியாத்தான் சொன்னேன்."

அங்கம்மாள் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். "அப்ப வேலை உனக்குத்தான்!"

"கலியபெருமாளுக்குத்தான் போவும் அத்த."

"அவன் இன்னா சொன்னான்?"

"தப்பாச் சொன்னான்."

அங்கம்மாள் பள்ளிக்கூடத்து வாசற்படி மிதிக்காதவள். தெருவில் நடக்கிற நியாயம் எப்படி என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். படிப்பு என்று ஒன்று இருக்கிறதே, அங்கேயாவது சரிக்குச் சரி, தப்புக்குத் தப்பு என்று இருக்கும் என நம்பித்தான் தனத்தைப் படிக்க வைத்தாள். தனத்தின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏன்டி, அவங்க வச்சது பரீட்சைதானா?"

தனம் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை அப்போதுதான் வந்தது.

இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருக்கையில் இராமதாஸ் வீட்டு வேலையாள் சைக்கிளில் வந்தான். இறங்காமல் ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டு, அங்கம்மாளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனான். கல்யாணத்துக்கு உறவுக்காரர்கள் இப்போதே வந்து இறங்க ஆரம்பித்துவிட்டார்களாம். நாளையிலிருந்து காலையில் ஒரு நடை போதாது, சாயங்காலமும் வாளி எடுத்துக்கொண்டு வரவேண்டுமாம்.